செட்டிநாட்டில் ஒரு சிறிய மாற்றுத்திறனாளிகள் மையத்துக்குப் பணம் திரட்டுவது எப்படி? ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர் பக்கம் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பகல்நேர மையம் நடத்துகிறவர்கள், பெற்றோர்கள் சேர்ந்து ஓர் உதவிக் குழு வைத்திருப்பவர்கள், இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறவர்கள், எல்லோருக்கும் இது. கொடுக்கிற கைக்கு இந்த ஊர்களில் பஞ்சமில்லை. யாரிடம் எதைக் கேட்பது, எந்தக் காகிதம் கையில் இல்லாமல் எந்தப் பணத்தைத் தொடக் கூடாது, எதற்கு முன்னால் எது, இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். அதனால் படிகளை நான் சொல்கிற வரிசையிலேயே போங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டினால் அப்புறம் திரும்பி வந்து அதைச் செய்ய ஒரு வருடம் போய்விடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: கடைசி ஆறு மாதச் செலவுச் சீட்டுகள், மையத்துக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கோப்பு, நேரத்துக்கு போன் எடுக்கிற ஓர் ஆடிட்டர். மூன்றாவதுதான் கிடைப்பது கஷ்டம்.

1. மாதச் செலவை ஒரு நாள் செலவாக மாற்றுங்கள்

நம் ஊரில் உதவி என்றாலே முதலில் வருவது சாப்பாடு. பிறந்த நாள், திருமண நாள், அப்பாவின் திதி, எல்லாவற்றுக்கும் 'ஒரு வேளை சாப்பாடு போட்டுவிடுகிறோம்' என்று வருவார்கள். நல்ல மனசுதான். ஆனால் பிசியோதெரபிஸ்ட் சம்பளத்துக்கும் வேன் டீசலுக்கும் கொடுக்கிறேன் என்று தானாக வருகிறவர் யாருமில்லை. மையம் மூடுவது சோறில்லாமல் இல்லை, சம்பளம் பாக்கி விழுந்து டீச்சர் போய்விடுவதால்தான்.

அதனால் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். உதாரணத்துக்கு 25 குழந்தைகள் வரும் மையம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சிறப்பு ஆசிரியர்களுக்கு 30,000, பகுதிநேர பிசியோதெரபிஸ்டுக்கு 12,000, இரண்டு ஆயாக்களுக்கு 16,000, வேன் ஓட்டுநரும் டீசலும் 28,000, மதியச் சாப்பாடும் சிற்றுண்டியும் 22,000, வாடகை, கரண்ட், தண்ணீர், போன் 12,000, ஆடிட்டர், எழுதுபொருள், சில்லறைச் செலவு 5,000. மொத்தம் 1,25,000. மாதம் 25 நாள் நடந்தால் ஒரு நாளைக்கு 5,000, ஒரு குழந்தைக்கு 200. இதில் சாப்பாட்டின் பங்கு ஒரு நாளைக்கு 880 ரூபாய்தான்.

இனி யாராவது சாப்பாடு போட வந்தால் 'ஆச்சி, ஒரு நாள் மையத்தையே உங்கள் பெயரில் நடத்துகிறோம், சாப்பாடும் அதில் சேர்ந்தது' என்று சொல்லி 5,000 கேளுங்கள். முடியாதவருக்கு அரை நாள், ஐந்து குழந்தைகளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக் கொடுக்கலாம். கேட்கிற தொகைக்கு ஒரு பெயரும் ஒரு தேதியும் இருந்தால்தான் கொடுப்பவருக்கு மனதில் நிற்கும். 'முடிந்ததைக் கொடுங்கள்' என்று கேட்டால் 500 ரூபாயும் ஒரு மூட்டை அரிசியும் வரும்.

பொதுவாகச் செய்யும் தவறு: டிரஸ்டியே இலவசமாகப் பார்க்கும் வேலையைக் கணக்கில் எழுதாமல் விடுவது. அவர் ஒரு நாள் படுத்துவிட்டால் அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டி வரும். தாளில் அந்த வரி இருக்கட்டும்.

2. காகிதங்கள், இந்த வரிசையில்தான்

முதலில் டிரஸ்ட் பத்திரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. சங்கமாகப் பதிவதென்றால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம். பிறகு டிரஸ்ட் பெயரில் பான் கார்டு, அதை வைத்து வங்கிக் கணக்கு, அதன் பிறகு வருமான வரித்துறையில் 12ஏ (டிரஸ்ட் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிக் கழிவு), அடுத்து என்ஜிஓ தர்பன் (தொண்டு நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் தளம்) பதிவு. பெரும்பாலானவற்றுக்கு முந்தைய காகிதங்களைக் கேட்பார்கள்.

பத்திரம் எழுதும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரியவர்கள் பாசத்தில் 'நமது சமூகத்துப் பிள்ளைகளின் நலனுக்காக' என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். குறிப்பிட்ட சாதிக்கோ மதப் பிரிவுக்கோ மட்டும் என்று எழுதிய டிரஸ்டுக்கு 80ஜி கிடைக்காது. 'சாதி, மத வேறுபாடின்றி' என்ற வாசகமும், டிரஸ்டைக் கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறு டிரஸ்டுக்குப் போகும் என்ற வாசகமும் பத்திரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பிறகு திருத்தப் பத்திரத்துக்கு அலைய வேண்டும்.

12ஏ, 80ஜி இரண்டும் புதிய டிரஸ்டுக்கு முதலில் தற்காலிகமாகக் கிடைக்கும், 3 ஆண்டுக்கு. இங்கே நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மூன்று வருடம் இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். வேலையைத் தொடங்கிய 6 மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய 6 மாதம் இருக்கும்போது, இதில் எது முந்துகிறதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. பேச்சில் எல்லோரும் 80ஜி என்றுதான் சொல்வார்கள், படிவத்தில் போடும்போது ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து, மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்தவே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி பதிவுச் சான்று வேண்டும். 'நாங்கள் சின்னதாகத்தானே நடத்துகிறோம்' என்பது பதிலாகாது. சிவகங்கையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். கழிப்பறை, சாய்தளம், தீயணைப்பு, ஆசிரியர்களின் தகுதிச் சான்று எல்லாம் பார்ப்பார்கள். இந்தச் சான்று இல்லாமல் அரசு மானியத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

இன்னொன்று. நிறுவனர் தன் சொந்த ஜிபே எண்ணை நோட்டீஸில் போட்டு வசூலிப்பது சர்வ சாதாரணமாக நடக்கிறது. அந்தப் பணம் அவருடைய சொந்த வருமானமாகவே பார்க்கப்படலாம், டிரஸ்ட் ரசீதும் கொடுக்க முடியாது. டிரஸ்ட் கணக்குக்கு கியூஆர் வாங்கிய பிறகே நோட்டீஸ் அடியுங்கள்.

3. குழந்தைக்கு அரசு தர வேண்டியதை முதலில் வாங்கிக் கொடுங்கள்

பணம் திரட்டும் வழிகாட்டியில் இது எதற்கு என்று தோன்றலாம். அரசு தரும் பொருளுக்கு நன்கொடையாளர் பணத்தைச் செலவழிப்பது போல வீண் வேறில்லை, அதற்காகத்தான்.

ஒவ்வொரு கோப்பிலும் யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) இருக்கிறதா பாருங்கள். அறிவுசார் குறைபாடு, கடுமையான உடல் பாதிப்பு, தசைச்சிதைவு போன்ற பிரிவினருக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. அதில் தெரபிச் செலவுக்கும் ஓர் உச்சவரம்போடு இடம் உண்டு. பெற்றோருக்கு முறையான பில் மட்டும் வேண்டும்.

சக்கர நாற்காலியும் அப்படித்தான். நன்கொடையாளர் வாங்கித் தருவது கடையில் கிடைக்கும் ஒரே அளவு நாற்காலி. மூளை முடக்குவாதக் குழந்தைக்குத் தலையும் முதுகும் தாங்கும் நாற்காலி வேண்டும், சாதாரண நாற்காலியில் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். அதை அரசு முகாமில் அளவெடுத்து வாங்குவதுதான் சரி.

எந்த மாவட்டம் என்பதைக் கோப்பின் மேலேயே எழுதி வையுங்கள். செட்டிநாடு என்று நாம் ஒரே பேராகச் சொன்னாலும் ராயவரம், கோனாபட்டுக் குழந்தை புதுக்கோட்டை மாவட்டம். அந்த மனுவை சிவகங்கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

4. ஊர்ப் பணம்

இதுதான் நீங்கள் நம்பி நிற்க வேண்டிய பணம். மற்றதெல்லாம் வரும் போகும்.

ஒரு நாட்காட்டி போடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் ஊருக்கு வருவது கல்யாண மாதங்களிலும், பிள்ளையார் நோன்புக்கும், கோயில் விசேஷங்களுக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும்தான். அறுபது, எண்பது சாந்தி வைத்திருக்கும் வீடுகளின் பட்டியல் ஊரில் யாரிடமாவது இருக்கும், கேட்டு வாங்குங்கள். விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்னால் போய்ப் பாருங்கள். மண்டபத்தில் வைத்துக் கேட்டால் 'பார்க்கலாம்' என்ற சொல்தான் கிடைக்கும், அதற்குள் அவர்கள் செலவுக் கணக்கெல்லாம் முடிந்திருக்கும்.

கோயிலுக்குப் புள்ளி (குடும்பம்) கணக்கில் வரி கட்டிப் பழகிய ஊர் இது. கடைத்தெருவில் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று எடுத்து வைக்கும் பழக்கமும் தெரிந்ததுதான். அதே முறையில் மாதாமாதம் ஒரு சிறு தொகை கேட்டால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒரு முறை வரும் 50,000-ஐ விட மாதம் 500 தரும் முப்பது பேர் எனக்குப் பெரிது. அந்தப் பணத்தை நம்பி ஓர் ஆளுக்கு வேலை கொடுக்கலாம்.

உபயம் என்று பெயர் எழுதுவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ட்யூப்லைட்டின் பாதி வெளிச்சத்தை மறைத்துப் பெயர் எழுதுகிறார்கள் என்று நாமே கிண்டல் செய்திருப்போம். ஆனால் பெயர் வேண்டும் என்று ஆசைப்படுகிறவரிடம் சம்பளத்துக்கும் ஓர் உபயப் பலகை வையுங்கள். வாசலில் ஒரு கரும்பலகை போதும். 'இந்த மாத வேன் ஓட்டம் உபயம்' என்று சாக்பீஸில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் அடுத்த வருடம் அதே மாதத்தை அவரே கேட்டு வாங்குவார். குழந்தைகளை வரிசையில் நிறுத்தி எடுக்கும் போட்டோவுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். பெற்றோர் எழுத்தில் சம்மதம் தராத படம் மையத்தை விட்டு வெளியே போகக் கூடாது. கேட்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

சாப்பாட்டுக்கும் ஒரு விதி எழுதி ஒட்டுங்கள். முகூர்த்த நாளில் மூன்றரை மணிக்கு, வேன் கிளம்பிய பிறகு, அன்னக்கூடையில் மிச்சச் சாப்பாடு வந்து இறங்கும். பாதிக் குழந்தைகள் குழைய மசித்த சோறுதான் விழுங்குவார்கள், சிலருக்குப் புரையேறும். பந்திச் சாப்பாடு அவர்களுக்கு ஆபத்து. 'சமைத்த உணவு முன்கூட்டிச் சொல்லி, பகல் 12 மணிக்குள்' என்று ஒட்டிவிட்டால் யார் முகத்தையும் முறிக்காமல் மறுக்கலாம்.

இனி ரசீது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடையாளருக்கு 80ஜி சலுகை கிடையாது. ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்குச் சட்டத்திலேயே தடை. பெயர், முகவரி, பான் எண் மூன்றையும் பணம் வாங்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். நிதியாண்டு முடிந்ததும் மே 31க்குள் நன்கொடைப் பட்டியலை வருமான வரித்துறையில் ஏற்றி, அதிலிருந்து வரும் சான்றிதழை நன்கொடையாளருக்குத் தர வேண்டும். மே மாதம் உட்கார்ந்து எல்லோருக்கும் போன் போட்டு பான் எண் கேட்பது நரகம். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் வேறு.

'80ஜி இருக்கிறது, வரி மிச்சம்' என்று எல்லோரிடமும் சொல்லாதீர்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தக் கழிவு கிடையாது, சம்பளக்காரர்களில் பலர் அந்த முறையில்தான் இருக்கிறார்கள். பழைய முறையில் இருப்பவருக்கும் கொடுத்ததில் பாதிதான் கழிவு, அதற்கும் ஒரு வரம்பு உண்டு.

கடைகளில் உண்டியல் வைத்தால் அது பெயர் தெரியாத நன்கொடை. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. சின்ன மையத்துக்கு அந்த வரம்பே போதும், திறக்கும்போது இரண்டு பேர் கையெழுத்தோடு எண்ணி எழுதுங்கள்.

5. கடல் கடந்த சொந்தங்கள்: பாஸ்போர்ட்டைக் கேளுங்கள்

நம் ஊர் டிரஸ்ட்கள் பெரிய சிக்கலில் மாட்டுவது இங்கேதான். மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்காவில் யாராவது இல்லாத வீடு செட்டிநாட்டில் குறைவு. அவர்கள்தான் தாராளமாகக் கொடுப்பவர்களும்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. தாராளமாக வாங்கலாம், அவருடைய இந்தியப் பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருந்தாலும், சொந்த ஊர் தேவகோட்டையாகவே இருந்தாலும், எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி அவர் கொடுப்பது வெளிநாட்டு நிதி. கல்யாணத்துக்கு வந்த இடத்தில் இந்திய ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அதே கதைதான். அங்கிருந்து கப்பலில் அனுப்பும் நாற்காலிகளும் அதில் அடங்கும்.

அதனால் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்: 'அண்ணே, தப்பாக நினைக்காதீர்கள், உங்களிடம் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?' முதல் முறை சங்கடமாக இருக்கும், காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

எஃப்சிஆர்ஏ பதிவு வாங்கிவிடலாமே என்றால், டிரஸ்ட் தொடங்கி 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த 3 ஆண்டில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும், பணம் வந்து இறங்க டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் கணக்கு வேண்டும். பதிவு உள்ள பெரிய நிறுவனம் ஒன்றின் மூலம் வாங்கிக்கொள்ளலாம் என்ற பழைய வழியும் 2020 திருத்தத்தோடு அடைபட்டுவிட்டது. 'தம்பி கணக்கில் போடுகிறேன், அவன் உங்களுக்குத் தரட்டும்' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இங்கே இருக்கும் தம்பி தன் சொந்தப் பணத்தில் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

6. வீடு தருகிறேன் என்று வருபவர்கள்

'பெரிய வீடு பூட்டித்தான் கிடக்கிறது, மையம் நடத்திக்கொள்ளுங்கள்' என்று ஒருவர் சொன்னதும் மனசு குதிக்கும். நிதானமாக இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, பங்காளிகள். கொடுக்கிறேன் என்பவருக்கு அந்த வீட்டில் ஒரு சிறு பங்குதான் இருக்கும், மற்ற பங்குதாரர்கள் நாலு நாட்டில் இருப்பார்கள். எல்லோருடைய சம்மதமும் எழுத்தில் இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும். வாய்ப்பேச்சில் குடிபோய், சாய்தளம் கட்டி, கழிப்பறை மாற்றி, அடுத்த படைப்புக்கு வந்த பங்காளி 'யாரைக் கேட்டு?' என்றதும் வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு, வீட்டின் அமைப்பு. தெருவிலிருந்து திண்ணைக்கு நாலைந்து படி, அதைத் தாண்டினால் முழங்கால் உயரத்துக்கு நிலைப்படி, வளவுக்குள் (நடு முற்றம்) இறங்க இன்னொரு படி. நிலையை அறுக்கக் கூடாது என்பார்கள், அது நியாயம்தான். அப்படியென்றால் பின்கட்டு வழியாகச் சக்கர நாற்காலி உள்ளே வருமா என்று ஒரு குழந்தையை உட்கார வைத்தே தள்ளிப் பாருங்கள். வராது என்றால் அந்த அரண்மனையை விடப் பக்கத்துத் தெரு வாடகை ஷெட் மேல்.

7. அரசு மானியம்

சிறப்பு ஆசிரியர் மதிப்பூதியம், உணவு மானியம் என்று மாநில அரசு தருவதும், மத்திய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டமும் உண்டு. விண்ணப்பியுங்கள். ஆனால் இந்தப் பணத்தை நம்பிச் சம்பளத் தேதி சொல்லாதீர்கள். ஆய்வு, பயன்பாட்டுச் சான்று, மாவட்டத்திலிருந்து மேலே போகும் கோப்பு, இவை முடிந்து பணம் வரும்போது நீங்கள் ஏற்கெனவே செலவழித்த மாதங்களுக்கான தொகையாகத்தான் அது இருக்கும்.

எனவே மானியம் கேட்கும் முன் மூன்று மாதச் சம்பளத்தைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். வருகைப் பதிவேடும் வங்கி வழிச் சம்பளமும் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக இருக்கட்டும். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்காகத் தமிழக அரசு நடத்தும் விழுதுகள் மையம் உங்கள் பகுதியில் வந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அங்கே தெரபி கிடைக்கிறது என்றால் அதே தெரபிக்கு நீங்கள் ஆள் போட்டுச் செலவழிக்க வேண்டாம். குழந்தையை அங்கே கொண்டுபோய் வரும் வேனுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

8. சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி)

மூன்று ஆண்டு வேலை செய்த வரலாறு, 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 பதிவு (அந்த நிதியை வாங்க கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்வது), இந்த நாலும் இல்லாமல் கம்பெனிக் கதவைத் தட்டாதீர்கள். சட்டப்படி அவர்களால் தர முடியாது. சென்னையில் இருக்கும் பல முதலாளிகளுக்கு நம் பக்கம்தான் பூர்வீகம், ஊர்ப் பெயரைச் சொன்னால் பார்க்க நேரம் கிடைக்கும். பணம் கிடைக்க ஒரு பக்கத் திட்டம் வேண்டும்: எத்தனை குழந்தைகள், என்ன செய்வோம், எவ்வளவு, எப்போது அறிக்கை தருவோம்.

அவர்கள் பொதுவாக வண்டி, கருவி, கட்டடம் தர விரும்புவார்கள். வேன் வாங்கித் தந்தால் இன்சூரன்ஸும் ஓட்டுநர் சம்பளமும் இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கேளுங்கள். கேட்காமல் வாங்கிய வேன் டீசலில்லாமல் வெயிலில் நிற்கும்.

9. உரிமை வேலைக்கான பணத்தைத் தனியாக வையுங்கள்

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் பெற்றோர்களை சிவகங்கை கூட்டிப் போவது, தகவல் உரிமை மனு, பள்ளியில் சேர்க்க மறுத்தால் மாநில ஆணையரிடம் புகார். இவற்றுக்குச் செலவு குறைவுதான், பஸ் கட்டணம், ஜெராக்ஸ், ஒரு வேளைச் சாப்பாடு. ஆனால் இதற்கு நன்கொடை கிடைக்காது. கம்பெனி ஒதுங்கும், அரசு மானியம் வாங்கும் மையம் தானே பயந்துகொள்ளும்.

இதைப் பெற்றோர்களின் சந்தாவிலேயே நடத்துவது நல்லது. அறுபது பேர் மாதம் நூறு ரூபாய் போட்டால் 6,000, அது போதும். முடியாத குடும்பத்துக்கு விலக்கு, அதைக் கூட்டத்தில் பேர் சொல்லி அறிவிக்க வேண்டாம். வரவும் செலவும் தனி நோட்டில் எழுதுங்கள். யாருக்கு எதிராக மனு போடலாம் என்பதை நன்கொடையாளர் முடிவு செய்கிற நிலை வராமல் இருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

10. பற்றாக்குறை மாதம் வந்தால்

வரும். பெரும்பாலும் ஆடியில், விசேஷங்கள் இல்லாத மாதத்தில்.

கடன் வாங்கும் முன் பெற்றோர் கூட்டம் போட்டு 1ஆம் படியில் போட்ட தாளை அப்படியே காட்டுங்கள். மறைத்து வைத்தால் 'எங்கோ பணம் போகிறது' என்ற பேச்சு ஊரில் ஒரே நாளில் பரவும், அதற்குப் பிறகு ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலுக்கும் போக முடியாது.

குறைக்கும் வரிசை இது: முதலில் விழா, ஆண்டு மலர், பேனர். அடுத்து புதிதாக ஆள் எடுப்பதைத் தள்ளிப்போடுதல். பிறகு வேன் பாதையைச் சுருக்கி, பக்கத்தில் இருப்பவர்களைப் பெற்றோர்களே கொண்டுவந்து விடுவது. ஆசிரியர், ஆயா சம்பளத்தில் கை வைப்பது கடைசி. சில குழந்தைகள் ஒரே ஆள் கையால்தான் சாப்பிடும், அந்த ஆள் போய்விட்டால் இன்னொருவரிடம் பழக மாதக்கணக்காகும். வேனை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்னால் பெற்றோருக்குச் சொல்லுங்கள், கூலி வேலைக்குப் போகும் அம்மா அதற்குள் ஓர் ஏற்பாடு செய்துகொள்வார்.